பிரிந்த நியூ வேவ் குழு மறுபடி சேர்ந்து வந்தால்: தனிக் கச்சேரியா, விழாவா, பாதிக் குழுவா, தியேட்டரா?

எண்பதுகளின் நியூ வேவ் பாடல்களில், அதாவது பங்க் ராக்குக்குப் பின் வந்த சிந்தசைசர் கலந்த ராக்-பாப் இசையில், ஊறிப்போனவர்களிடமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. குழு மறுபடி சேர்ந்துவிட்டது, டிக்கெட் விற்பனை தொடங்கப்போகிறது, கையில் இருப்பதோ ஒரு கச்சேரிக்கான பணம்தான், எதற்குப் போவது? தனிக் கச்சேரி என்றால் டிக்கெட்டின் விலையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. விழா என்றால் அதே பணத்துக்குப் பத்துப் பதினைந்து குழு. 2025 மே மாதம் கலிஃபோர்னியாவின் பாசடேனாவில் நடந்த க்ரூவல் வேர்ல்ட் விழாவில் நியூ ஆர்டர், த கோ-கோஸ், டீவோ, ஓ.எம்.டி நான்கும் ஒரே நாளில் மேடையேறின. இதைப் பார்த்தபிறகு ஒரே ஒரு குழுவுக்கு அவ்வளவு கொடுப்பானேன் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போஸ்டரில் இருக்கும் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் யார் கையில் என்று பார்த்து முடிவெடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

## எதை வைத்து அளப்பது

மேடையில் யார். குழுவின் பெயரும் குழுவின் ஆட்களும் ஒன்றல்ல. ஏ ஃப்ளாக் ஆஃப் சீகல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நால்வரும் 2018ல் ஆர்கெஸ்ட்ராவோடு ஓர் ஆல்பம் பதிவு செய்தார்கள், ஆனால் அந்தப் பெயரில் வருஷா வருஷம் ஊர் ஊராகப் போவது பாடகர் மைக் ஸ்கோரும் வேறு இசைக்கலைஞர்களும். த பீட் இன்னும் சிக்கல். டேவ் வேக்லிங் அமெரிக்காவில் ஒரு பீட் வைத்திருந்தார், ராங்கிங் ரோஜர் 2019ல் இறக்கும்வரை இங்கிலாந்தில் இன்னொரு பீட் வைத்திருந்தார். இரண்டுமே நல்ல குழுக்கள்தான். ஆனால் டிக்கெட் வாங்குகிறவருக்கு எந்த பீட் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நியூ வேவில் இது மற்ற இசையைவிட அதிகமாக முக்கியம். ஹார்டு ராக்கில் கிட்டார் சோலோ சரியாக வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இங்கே பாட்டைத் தூக்கி நிறுத்துவது பேஸும் டிரம்ஸும். ஜான் டெய்லரின் பேஸ் இல்லாமல் டுரான் டுரானின் ‘ரியோ’ இல்லை. பீட்டர் ஹூக் மேல்தந்திகளில் மெட்டையே வாசிப்பது இல்லாமல் பழைய நியூ ஆர்டர் இல்லை. ஸ்டூவர்ட் கோப்லாண்டின் ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) இல்லாமல் த போலீஸ் இல்லை. அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் சுரங்கள் எல்லாம் சரியாக இருக்கும், நடை மட்டும் மாறியிருக்கும், முதல் பாட்டிலேயே உங்கள் காதுக்கு அது தெரிந்துவிடும்.

குரல். அறுபதைத் தாண்டியவர்கள் இருபத்திரண்டு வயதில் பாடிய உச்சஸ்தாயியைப் பாடுகிறார்கள். பலர் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்கிறார்கள், அது தவறே இல்லை. மூச்சு பிடிக்க முடியாத இடத்தில் கூடப் பாடுகிறவர்களை விடுவதும் உண்டு. சமீபத்திய கச்சேரி வீடியோ இரண்டு மூன்று பார்த்தால் போதும், ஆனால் ரசிகர்கள் செல்போனில் எடுத்ததைப் பாருங்கள். குழுவே வெளியிடும் வீடியோவில் ஒலி மெருகேறியிருக்கும்.

எத்தனை பாட்டு. ஹிட்டுகள் மட்டும் போதுமா, ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்துப் பாட்டும் வேண்டுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

முழுச் செலவு. டிக்கெட்டின் முகவிலை ஒரு தொடக்கம்தான். 2023ல் த க்யூர் அமெரிக்கா போனபோது பாடகர் ராபர்ட் ஸ்மித் 20 டாலருக்கெல்லாம் டிக்கெட் வைத்தார். சில இடங்களில் சேவைக் கட்டணம் சேர்ந்து அது இரட்டிப்பையே தாண்டியது. அவர் வெளிப்படையாகச் சண்டை போட்டபிறகு டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் 5 முதல் 10 டாலர் வரை திருப்பிக் கொடுத்தது. 2025 மே முதல் அமெரிக்காவில் கட்டணம் எல்லாம் சேர்ந்த விலையை முன்னாலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதனால் செலவு குறையவில்லை, கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

காத்திருக்கலாமா. இதைப் பேச யாருக்கும் மனம் வராது. ப்ளாண்டியின் டிரம்மர் க்ளெம் பர்க் 2025 ஏப்ரலில் இறந்தார். சாஃப்ட் செல்லின் டேவ் பால் அதே ஆண்டு அக்டோபரில். த கார்ஸ் 2011ல் மறுபடி சேர்ந்தபோதே பேஸ் வாசித்துப் பல பாடல்களைப் பாடிய பெஞ்சமின் ஓர் உயிரோடு இல்லை, 2019ல் இன்னொரு பாடகர் ரிக் ஒகாசெக்கும் போய்விட்டார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது எல்லாக் குழுவுக்கும் பொருந்தாது.

## முழுக் குழுவின் தனிக் கச்சேரி

மறுபடி சேர்ந்த குழுவைப் பார்க்க இதுதான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன், சேர்ந்தது முழுக் குழு என்றால். அந்த ‘என்றால்’ பெரியது.

டுரான் டுரான் நல்ல உதாரணம். ஐவரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தது 1985 ஜூலையில், ஃபிலடெல்ஃபியாவில் நடந்த லைவ் எய்ட் நிதிதிரட்டல் கச்சேரியில். அப்புறம் டிரம்மர் ரோஜர் டெய்லர் விலகினார், கிட்டாரிஸ்ட் ஆண்டி டெய்லர் விலகினார். 2001ல் பேசத் தொடங்கி, 2003 ஜூலையில் ஜப்பானில் ஐவரும் மேடையேறினார்கள், பதினெட்டு வருஷம் கழித்து. 2004ல் ‘ஆஸ்ட்ரோனாட்’ ஆல்பம், வெம்ப்ளி அரீனாவில் அடுத்தடுத்த இரவுகள். 2006ல் ஆண்டி மறுபடி விலகிவிட்டார். அதாவது அந்த ஐவரை ஒன்றாகப் பார்க்கக் கிடைத்தது மூன்றே மூன்று வருஷம். இன்றைக்கு நீங்கள் டிக்கெட் வாங்கினால் பார்ப்பது நால்வரை: சைமன் லெ பான், நிக் ரோட்ஸ், ஜான் டெய்லர், ரோஜர் டெய்லர், அவர்களோடு கிட்டாரில் டாம் பிரவுன். 2022ல் சிறந்த ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது ஆண்டி வரவில்லை, நான்காம் நிலைப் புற்றுநோய் என்று அவர் எழுதிய கடிதத்தைத்தான் மேடையில் சைமன் வாசித்தார்.

ஆனாலும் நான் போகச் சொல்வேன். காரணம் பேஸும் டிரம்ஸும் அசல் கையில். ஜானும் ரோஜரும் சேர்ந்து அமைத்த அந்தத் துள்ளல் அப்படியே இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வாசிக்கிறார்கள், தங்கள் சொந்த விளக்கு, சொந்த திரை, சொந்த சவுண்டு ஆட்கள். ‘சேவ் எ ப்ரேயர்’ வரும்போது அரங்கமே செல்போன் விளக்கில் மிதக்கும். அந்தப் பாட்டின் வீடியோவை 1982ல் இலங்கையில் சிகிரியாவின் உச்சியிலும் பொலன்னறுவையிலும் எடுத்தார்கள் என்பதால் அந்த மண்ணைச் சேர்ந்த ரசிகர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் நெருக்கம்.

த போலீஸ் இன்னொரு உதாரணம், இன்னும் கறாரான உதாரணம். 2007 மே மாதம் வான்கூவரில் தொடங்கி 2008 ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முடித்தார்கள். கூடுதல் கீபோர்டு, கோரஸ் யாரும் கிடையாது, 1980ல் பம்பாய் ரங் பவனில் வாசித்த அதே மூன்று பேர் மட்டும். அதற்குப்பின் குழுவாக ஒரு சுற்றுப்பயணம்கூட இல்லை. அப்போது டிக்கெட் விலை அதிகம் என்று விட்டவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு வரவேயில்லை.

மறைந்திருக்கும் செலவு எங்கே? முன்வரிசை ‘விஐபி பேக்கேஜ்’ என்று விற்பதில் பல நேரம் நல்ல இருக்கையோடு ஒரு பை, ஒரு அட்டை, ஒரு போஸ்டர்தான் சேர்கிறது. குழுவைச் சந்திக்கலாம் என்று எழுத்தில் இல்லாவிட்டால் சந்திப்பு இல்லை. பெரிய அரீனாவில் மேடைக்குப் பக்கவாட்டு இருக்கை விலை குறைவாக இருக்கும், ஆனால் திரையும் தெரியாது, ஒலியும் ஒரு பக்கமாக அடிக்கும். அதே விலையில் எதிரே தூரமாக, சவுண்டு மேசைக்கு நேர் பின்னால் உட்காருவது எவ்வளவோ மேல். தேவைக்கேற்ப விலை ஏறும் டிக்கெட்டுகளை முதல் நாள் பதற்றத்தில் வாங்க வேண்டாம். கச்சேரி நெருங்கும்போது மேடை அமைப்பு உறுதியாகி, ஒதுக்கி வைத்த இருக்கைகள் முகவிலைக்கு வெளியே வருவது அடிக்கடி நடக்கிறது. ஆனால் இது பெரிய அரங்குக்கு மட்டும். இரண்டாயிரம் பேர் கொள்ளும் தியேட்டர் என்றால் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

புதுப் பாட்டு வாசிப்பார்களே, அது நேர விரயமில்லையா என்று கேட்பவர்களுக்கு: ப்ளாண்டி 1997ல் மறுபடி சேர்ந்தபின் வந்த ‘மரியா’ 1999ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸின் ‘த டிப்பிங் பாயின்ட்’ 2022ல் வந்தது, அவர்களுடைய மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று. புது ஆல்பத்தோடு வரும் குழு ஒத்திகை பார்த்துவிட்டு வரும். அதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

## எண்பதுகள் விழா

பாசடேனாவின் க்ரூவல் வேர்ல்ட், இங்கிலாந்தின் ரீவைண்ட். இரண்டும் ஒரே வகை என்று நினைக்க வேண்டாம். க்ரூவல் வேர்ல்டில் குழுக்கள் தங்கள் ஆட்களோடு வந்து வாசிக்கின்றன. 2022ல் பாவ்ஹாஸ், ப்ளாண்டி, டீவோ, எக்கோ அண்ட் த பன்னிமென். 2024ல் டுரான் டுரான், சிம்பிள் மைண்ட்ஸ், சாஃப்ட் செல். 2009ல் ஹென்லியில் தொடங்கிய ரீவைண்டில், தனிப் பாடகர்களாக வருபவர்களில் பலருக்கு விழாவே அமர்த்திய ஒரே வாத்தியக் குழு, ஹவுஸ் பேண்ட்தான் வாசிக்கும். பாடகர் வந்து நாலைந்து ஹிட் பாடிவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார். குடும்பத்தோடு புல்வெளியில் உட்கார்ந்து எல்லா வரியையும் சேர்ந்து பாட இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அது ரீயூனியன் அல்ல, பிரிந்த குழு மறுபடி சேர்வது அல்ல.

விழாவில் நேரம் குறைவு. தலைப்பில் இருக்கும் குழுவைத் தவிர மற்றவர்களுக்கு நாற்பது நிமிஷம், ஒரு மணி நேரம். ஹிட்டுகள் மட்டும் வரும். இரண்டு மேடை இருந்தால் உங்களுக்குப் பிடித்த இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், இது நடந்தே தீரும். பகல் வெளிச்சத்தில் சிந்தசைசர் குழு வாசிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அந்த இசை இருட்டுக்காகச் செய்தது, மதியம் மூன்று மணி வெயிலில் கறுப்புக் கோட்டோடு நிற்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். காற்று அடித்தால் ஒலி அலைந்து வரும்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். பார்க்கிங், உள்ளே விற்கும் சாப்பாடு, தண்ணீர், தங்கும் அறை, வெளியூர் என்றால் விமானம். வானிலை தனி. 2023 மே மாதம் க்ரூவல் வேர்ல்டில் மின்னல் காரணமாக மைதானத்தையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இக்கி பாப்பும் சியூக்சியும் மறுநாள் வந்து வாசித்தார்கள், நல்ல மனசு. ஆனால் ஞாயிறு காலை ஊர் திரும்ப டிக்கெட் போட்டிருந்தவர்களுக்கு அது உதவியிருக்காது. வெளியூரிலிருந்து விழாவுக்குப் போனால் மறுநாள் ராத்திரிக்கு முன் கிளம்பாதீர்கள். முட்டிவலி இருப்பவர்கள் எட்டு ஒன்பது மணி நேரம் நிற்க முடியுமா என்றும் யோசிக்க வேண்டும். ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது.

இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது ஒன்று உண்டு. தனியாக உங்கள் ஊருக்கு வரவே வராத குழுக்கள் விழாவுக்காகச் சேருகின்றன. கோ-கோஸ் 2016ல் விடைபெறும் சுற்றுப்பயணம் போய்விட்டார்கள். 2025ல் பெலிண்டா கார்லைல், ஜேன் வீட்லின், ஷார்லட் காஃபி, கேத்தி வாலன்டைன், ஜினா ஷாக் ஐந்து பேரும் மறுபடி நின்றது கோச்செல்லா, க்ரூவல் வேர்ல்ட் போன்ற மேடைகளில். தாங்களே எழுதி, தாங்களே வாசித்து, அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண்கள் குழு அவர்கள், அந்த ஆல்பத்தில் வாசித்த அதே ஐந்து பேர். இப்படி ஒரு வாய்ப்பு என்றால் வெயிலாவது காற்றாவது, போய்விட வேண்டியதுதான்.

## ஒரு உறுப்பினர் நடத்தும் குழு

இதைப் பலர் இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

பீட்டர் ஹூக் 2007ல் நியூ ஆர்டரை விட்டுப் போனார். 2011ல் மற்றவர்கள் அவர் இல்லாமல் மறுபடி சேர்ந்தார்கள், கீபோர்டில் கில்லியன் கில்பர்ட் திரும்பினார், பேஸுக்கு டாம் சாப்மன் வந்தார். பெயர், வருமானம் பற்றிய வழக்கு 2017ல்தான் சமாதானமானது. ஆக நியூ ஆர்டர் ரசிகருக்கு இரண்டு வழி. பெயரும், பெர்னார்ட் சம்னரின் குரலும், ஸ்டீவன் மாரிஸின் டிரம்ஸும், பெரிய விளக்குகளும் ஒரு பக்கம். மறுபக்கம், பீட்டர் ஹூக் அண்ட் த லைட்: சின்ன அரங்கு, குறைந்த விலை, நியூ ஆர்டரும் அதற்கு முன்னால் அவர்கள் இருந்த ஜாய் டிவிஷனும் வெளியிட்ட ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல். இரண்டு குழுவின் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்புகளையும் ஒரே இரவில் வாசித்த சுற்றுப்பயணமும் உண்டு, இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் கச்சேரி. அவர் பாடும் நேரத்தில் பேஸைப் பல வருஷம் அவர் மகன் ஜாக் பேட்ஸ் தாங்கிப் பிடித்தார்.

குரல் சம்னருடையது அல்ல, கரகரப்பாக இருக்கும், ‘ப்ளூ மண்டே’யின் எலக்ட்ரானிக் பளபளப்பும் குறையும். ஆனால் ஆல்பத்தின் உள்ளே இருக்கும் பாட்டு வேண்டும் என்பவருக்கு நியூ ஆர்டரின் அரீனா கச்சேரியில் அது கிடைக்காது, இங்கே கிடைக்கும். டாக்கிங் ஹெட்ஸின் ஜெர்ரி ஹாரிசனும், 1980ல் அவர்களோடு கிட்டார் வாசித்த ஏட்ரியன் பெல்யூவும் ‘ரிமைன் இன் லைட்’ பாடல்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதும் இதே வகைதான்.

இதற்கு எல்லை ஒன்று உண்டு. பாடகரே போய், புதுப் பாடகரை வைத்துப் பழைய பெயரில் ஓட்டும்போது பெரும்பாலும் நிற்பதில்லை. 2009ல் மறுபடி சேர்ந்த ஸ்பாண்டோ பாலேயை 2017ல் டோனி ஹாட்லி விட்டுப் போனார். புதிய பாடகரோடு தொடங்கியது சீக்கிரமே நின்றுபோனது. பாட்டு வாத்தியங்களின் மேல் நிற்கும் குழுவா, ஒரு குரலின் மேல் நிற்கும் குழுவா என்று பாருங்கள்.

## தியேட்டரில் கச்சேரிப் படம்

சில குழுக்கள் சேரவே போவதில்லை. டாக்கிங் ஹெட்ஸ் நால்வரும் 2002ல் ஹால் ஆஃப் ஃபேமில் சில பாட்டு வாசித்தார்கள், அவ்வளவுதான். 2023 செப்டம்பரில் டொரான்டோ திரைப்பட விழாவில் சேர்ந்து மேடையில் உட்கார்ந்தார்கள், வாசிக்கவில்லை, பேசினார்கள். காரணம் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படத்தின் மறுவெளியீடு. 1983 டிசம்பரில் ஹாலிவுட் பான்டேஜஸ் அரங்கில் ஜோனதன் டெமி எடுத்தது. டேவிட் பர்ன் தனியாகக் கிட்டாரோடு வருவார், அடுத்த பாட்டுக்கு டினா வேமத் பேஸோடு வருவார், ஒவ்வொருவராக மேடை நிரம்பும். குழு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நேரில் பார்த்தால்கூட இவ்வளவு தெளிவாகத் தெரியாது. ஐமேக்ஸில் எழுந்து ஆடினார்கள் மக்கள்.

மறைந்த செலவு கிட்டத்தட்ட எதுவுமில்லை. இல்லாதது ஒன்றுதான்: இன்றைக்கு, இந்த இடத்தில், உங்கள் முன்னால் நடக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| | முழுக் குழு, தனிக் கச்சேரி | விழா | ஒரு உறுப்பினரின் குழு | கச்சேரிப் படம் |
|---|---|---|---|---|
| மேடையில் யார் | பெரும்பாலும் அசல் ஆட்கள், சரிபார்க்க வேண்டும் | கலவை, சில இடத்தில் ஹவுஸ் பேண்ட் | ஒருவர் அல்லது இருவர் | இளமையில் எல்லாரும் |
| பாட்டு | ஹிட்டும் கொஞ்சம் உள்பாட்டும் | ஹிட் மட்டும் | முழு ஆல்பம் | படத்தில் உள்ளது |
| ஒலி | நல்லது, இருக்கையைப் பொறுத்தது | காற்றைப் பொறுத்தது | சின்ன அரங்கில் நெருக்கம், சத்தம் அதிகம் | மிக நல்லது |
| டிக்கெட் விலை | அதிகம் | அதிகம், ஆனால் பல குழு | மிதம் | குறைவு |
| மறைந்த செலவு | சேவைக் கட்டணம், விஐபி ஆசை | பயணம், தங்கல், சாப்பாடு, மழை | வேலை நாளில் தொலைவான ஊர் | இல்லை |
| காத்திருக்கலாமா | கூடாது | வரிசையைப் பொறுத்து | பெரும்பாலும் அடுத்த வருஷமும் வருவார்கள் | தாராளமாக |

## அப்போ நான் எதற்குப் போகச் சொல்வேன்

ஒரே ஒரு குழுதான் உங்கள் உயிர், பேஸும் டிரம்ஸும் அசல் ஆட்கள், நீங்கள் இதுவரை பார்த்ததில்லை: தனிக் கச்சேரி. வேறு எங்காவது மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். அரங்கின் மேல்மாடியில் கடைசி வரிசை கிடைத்தாலும் போங்கள்.

நாலைந்து குழுவைக் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கும், ஹிட்டுகள் தெரியும், கூடவே நண்பர்கள் வருகிறார்கள், விழா நடக்கும் இடம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள்: விழா. விமானம் ஏறித்தான் போக வேண்டும் என்றால், வேறெங்கும் பார்க்க முடியாத ஒரு குழுவாவது அந்த வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆல்பத்தை மனப்பாடமாகக் கேட்டவர், மூன்றாவது பாட்டு முடிந்ததும் நான்காவது தானாக மனதில் ஓடுகிறவர்: உறுப்பினரின் குழு. பேஸ் வாசிக்கும் கை தெரியும் தூரத்தில் நிற்கலாம். சின்ன அரங்கில் சத்தம் கடுமையாக இருக்கும் என்பதால் இசை கேட்பதற்கென்று விற்கும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்தால் மேல்சுரமெல்லாம் செத்துவிடும்.

பிள்ளைகளுக்கு இந்த இசையை முதல்முறை காட்டப் போகிறீர்கள், அவர்களுக்குப் பிடிக்குமா தெரியாது என்றால் படத்தில் தொடங்கலாம்.

இரண்டுக்கு நடுவே இன்னும் இழுபறி என்றால், அந்தக் குழுவின் கடைசி மூன்று கச்சேரிகளின் செட்லிஸ்டை, அதாவது வாசித்த பாட்டுப் பட்டியலை எடுத்து, உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய ஐந்து பாட்டில் எத்தனை வருகிறது என்று பாருங்கள். நாலு வந்தால் தனிக் கச்சேரி டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். இரண்டுக்குக் கீழே போனால் விழாவே போதும்.